மெடிக்கல் கார்டு இருந்தும் கைப்பணம் எவ்வளவு போகும்? அட்மிட் ஆவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, உள்ள வீடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் நிலைமை இதுதான். பிரீமியம் கட்டுவது ஈப்போவிலோ பினாங்கிலோ வேலை பார்க்கும் பிள்ளை. கார்டு இருப்பது அப்பா பெயரில். ஏஜெண்டிடம் பேசி எடுத்துக் கொடுத்தது மருமகன். பத்திரம் கிடப்பது சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில். மருத்துவமனைக் கவுண்டரில் "இந்தக் கார்டில் கோ-பேமெண்ட் இருக்கிறது, டெபாசிட் கட்டுங்கள்" என்று சொன்னால், எவ்வளவு, ஏன் என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

2025 பிப்ரவரி தொடங்கி நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மருத்துவமனையில் திடீரென்று கேட்கும் 3,000 வெள்ளி என்பது இரண்டு மாதச் சம்பளத்தை நெருங்கும் தொகை. வருடக் கணக்கில் பிரீமியம் கட்டிவிட்டு, படுக்கும் நாளில் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டு போகும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அதைத் தவிர்க்க, பத்திரத்தை விரித்து ஒரு மணி நேரம் கணக்குப் போட்டால் போதும்.

பெரும்பாலோர் தாங்கள் பங்கு கட்ட வேண்டிய விழுக்காட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிதாகக் கையைக் கடிப்பவை மூன்று: உங்கள் பங்குக்கு உச்சவரம்பு இல்லாத பத்திரம், தகுதிக்கு மேல் எடுத்த அறை, கார்டு ஏற்காத செலவுகள். கீழே வரும் கணக்குகள் இந்த மூன்றையும் சுற்றியே நிற்கும்.

எந்தப் பணத்துக்கு என்ன பெயர்

டிடக்டிபிள் என்பது காப்புறுதி நிறுவனம் ஒரு சென் கொடுப்பதற்கு முன் நீங்கள் கட்டி முடிக்க வேண்டிய நிலையான தொகை. டிடக்டிபிள் 5,000 வெள்ளி என்றால், 4,000 வெள்ளி பில் முழுவதும் உங்களுடையது. 12,000 வெள்ளி பில்லில் முதல் 5,000 உங்களுடையது, மிச்சம் அவர்களுடையது.

கோ-இன்சூரன்ஸ் என்பது விழுக்காடு. 10 விழுக்காடு கோ-இன்சூரன்ஸ் என்றால், கார்டு ஏற்றுக்கொள்ளும் செலவில் பத்தில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து. "கார்டு ஏற்றுக்கொள்ளும் செலவில்" என்பதைக் கவனியுங்கள். ஏற்றுக்கொள்ளாத செலவு இந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது, அது முழுக்க உங்கள் தலையில்.

இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொதுப் பெயர் கோ-பேமெண்ட். மலாய்ப் பத்திரத்தில் இது "பாயாரான் பெர்சாமா" என்று இருக்கும்.

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி, 2024 செப்டம்பர் 1 முதல் மருத்துவக் காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் கோ-பேமெண்ட் உள்ள திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். அதில் கோ-இன்சூரன்ஸ் என்றால் குறைந்தது 5 விழுக்காடு, டிடக்டிபிள் என்றால் குறைந்தது 500 வெள்ளி. இதைக் கேட்டு, இனி எல்லாரும் கட்டாயம் பங்கு போட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. நிறுவனம் அந்தத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, நீங்கள் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது அல்ல.

இணையத்தில் இது பற்றித் தேடினால் அமெரிக்க விளக்கங்கள்தான் அதிகம் வரும். அங்கே சட்டமே ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பை வைக்கிறது. 2025இல் தனியாளுக்கு அது 9,200 டாலர், அதைத் தாண்டினால் திட்டத்துக்குள் வரும் சிகிச்சைக்கு நோயாளி கட்டுவதில்லை. நம் நாட்டுக் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இங்கே உங்கள் பத்திரத்தில் அச்சடித்திருக்கும் உச்சவரம்புதான் எல்லாம், அதுவும் கோ-பேமெண்டுக்கு மட்டும்.

பத்திரத்தில் எதைத் தேடுவது

முழுப் பத்திரத்தையும் படிக்கத் தேவையில்லை. பலன் அட்டவணை என்று சில பக்கங்கள் இருக்கும், அதையும் விற்கும்போது கொடுத்த திட்ட விளக்கத் தாளையும் எடுத்து வையுங்கள். தாள் காணாமல் போயிருந்தால் நிறுவனத்தின் செயலியிலோ ஏஜெண்டிடமோ கேட்டு வாங்கலாம்.

முதலில் கோ-இன்சூரன்ஸ் விழுக்காட்டையும், அதற்குப் பக்கத்தில் உள்ள குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். "10 விழுக்காடு, குறைந்தது 300, அதிகம் போனால் 1,000" என்பது போல இருக்கும். அதிகபட்சம் எழுதப்படாத பழைய பத்திரமாக இருந்தால் சிவப்புப் பேனாவில் வட்டமிடுங்கள். இதயத்துக்கு பைபாஸ் செய்து பில் 80,000 வெள்ளி வந்தால், 20 விழுக்காடு என்பது 16,000 வெள்ளி. அதே 20 விழுக்காட்டுக்கு 3,000 உச்சவரம்பு இருந்தால் 3,000 மட்டுமே. விழுக்காடு ஒன்றுதான், கையிலிருந்து போவதில் வித்தியாசம் 13,000 வெள்ளி.

அடுத்து, அந்தத் தொகை ஆண்டுக்கு ஒரு முறையா, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு முறையா என்று பாருங்கள். 5,000 வெள்ளி டிடக்டிபிள் ஆண்டுக்கு என்றால், மார்ச்சில் ஒரு முறை கட்டி முடித்தபின் அதே பத்திர ஆண்டில் ஆகஸ்டில் படுத்தால் மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு நோய்க்கும் என்றால் ஆகஸ்டில் வேறு நோய்க்குப் படுக்கும்போது மீண்டும் 5,000. பத்திர ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, நீங்கள் பத்திரம் எடுத்த தேதியில் தொடங்குகிறது. "ஒரே நோய்" என்பதற்கும் பத்திரத்தில் விளக்கம் இருக்கும். பல பத்திரங்களில், வீடு திரும்பி 90 நாள் சிகிச்சையே இல்லாமல் இருந்து மறுபடி அதே நோய்க்குப் படுத்தால் அது புதுக் கணக்கு. ஒரு வாரம் முன்னே பின்னே ஆவதில் இந்த எண் மாறிவிடும், ஆகவே திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சையாக இருந்தால் தேதி குறிப்பதற்கு முன் பாருங்கள்.

பிறகு அறைக்கான நாள் வாடகைத் தகுதி, அதாவது அறைக்கு நாளுக்குக் கார்டு கட்டும் அதிகபட்சத் தொகை. இதற்குக் கீழே தனியாகக் கணக்கு வருகிறது.

கடைசியாக ஆண்டு உச்சவரம்பு. கோ-பேமெண்டுக்கு இருப்பது உங்களைக் காக்கும் வரம்பு, இது நிறுவனத்தைக் காக்கும் வரம்பு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். சில பழைய கார்டுகளில் ஆண்டுக்கு 30,000 அல்லது 50,000 வெள்ளிதான் இருக்கும், அறுவை சிகிச்சைக்கு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்று என்று உள்வரம்புகளும் இருக்கும். அந்த எண்களைத் தாண்டும் ஒவ்வொரு வெள்ளியும் உங்களுடையது.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

குடல்வால் அறுவை சிகிச்சை, மூன்று இரவு தங்கல் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காகப் போட்டவை.

அறை: 3 இரவு × 200 வெள்ளி = 600
அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் கட்டணம்: 5,200
ஆபரேஷன் தியேட்டர், மருந்து, ரத்தச் சோதனை, ஸ்கேன், இதர பொருள்கள்: 6,050
அட்மிஷன் கிட், துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, கார்டு ஏற்காத சில்லறைகள்: 150
மொத்தம்: 12,000 வெள்ளி

கார்டில் அறைத் தகுதி 200 வெள்ளி. கோ-இன்சூரன்ஸ் 10 விழுக்காடு, உச்சவரம்பு 1,000 வெள்ளி.

முதலில் ஏற்காத 150ஐக் கழியுங்கள். மிச்சம் 11,850. அதில் பத்து விழுக்காடு 1,185. உச்சவரம்பு 1,000 என்பதால் 1,000 மட்டும். கையிலிருந்து போவது 1,000 + 150 = 1,150 வெள்ளி. நிறுவனம் கட்டுவது 10,850.

இதே பில், இதே கார்டு. ஆனால் அட்மிஷன் கவுண்டரில் "200 வெள்ளி அறை இப்போது காலியில்லை, 280 வெள்ளி அறை இருக்கிறது, வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும்" என்று சொல்ல, வலியில் துடிப்பவரைக் காக்க வைக்க மனமின்றி வீட்டார் சரியென்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு நாளுக்கு 80 வெள்ளி, மூன்று நாளுக்கு 240. தாங்கக்கூடியதுதான் என்று தோன்றும்.

பல மலேசியப் பத்திரங்களில் இந்த இடத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், அறை வித்தியாசத்தோடு மற்ற எல்லாச் செலவிலும் 20 விழுக்காட்டையும் நீங்களே ஏற்க வேண்டும். மருத்துவர் கட்டணமும் மருந்தும் சேர்ந்து 11,250 வெள்ளி. அதில் 20 விழுக்காடு 2,250. அதோடு அறை வித்தியாசம் 240, ஏற்காத சில்லறை 150. இதுவே 2,640 ஆகிவிட்டது. மிச்சம் உள்ள 9,600க்கு வழக்கமான 10 விழுக்காடு 960. மொத்தம் 3,600 வெள்ளி.

1,150 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது 3,600. நாளுக்கு 80 வெள்ளி என்று சொன்ன அறைதான் காரணம். பில் பெரிதாகப் பெரிதாக இந்த 20 விழுக்காடும் பெரிதாகிறது. கோ-இன்சூரன்ஸுக்கான உச்சவரம்பு இதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இது வேறு நிபந்தனையின்படி வருவது.

ஆகவே அறை விஷயத்தில் மூன்று வேலை. வீட்டிலேயே பத்திரத்தில் இந்த 20 விழுக்காட்டு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். போக வாய்ப்புள்ள ஈப்போ, தைப்பிங் மருத்துவமனைகளுக்கு இப்போதே போன் செய்து, நால்வர் அறை, இருவர் அறை, தனியறை என்று நாள் வாடகையைக் கேட்டுக் குறித்து வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த 150 வெள்ளித் தகுதி இன்று எந்த அறைக்கும் எட்டாமல் போயிருக்கலாம். அப்படியானால் பத்திரத்தைத் தரம் உயர்த்துவது பற்றி, உடம்பு நன்றாக இருக்கும்போதே பேச வேண்டும். மூன்றாவது, கவுண்டரில் தகுதியான அறை இல்லை என்றால் இப்படிக் கேளுங்கள்: "அறை இல்லாததால் நீங்களாக மாற்றுகிறீர்கள் என்று எழுதித் தருவீர்களா? காலியானதும் மாற்றுவீர்களா?" சில நிறுவனங்கள் அறை தட்டுப்பாட்டுக்கு விலக்கு கொடுக்கின்றன, ஆனால் மருத்துவமனையின் கடிதம் இல்லாமல் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

கோ-பேமெண்ட் கேட்கக்கூடாத இடங்கள்

பேங்க் நெகாரா கோ-பேமெண்ட் திட்டங்களுக்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. விபத்து உள்ளிட்ட அவசரச் சிகிச்சைக்குப் பங்கு கேட்கக்கூடாது. புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் போன்ற கடுமையான நோய்களுக்கு வெளிநோயாளியாக வந்து போகும் சிகிச்சைக்கும் கேட்கக்கூடாது. அரசு மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கும் கேட்கக்கூடாது.

இரண்டு எச்சரிக்கை. "அவசரம்" என்றால் என்ன என்பதைப் பத்திரம் வரையறுத்திருக்கும். நடுராத்திரி நெஞ்சுவலி அவசரம். மூன்று மாதமாக இருக்கும் முட்டி வலிக்கு ராத்திரி எமர்ஜென்சிப் பிரிவு வழியாகப் போனால் அது அவசரமாகிவிடாது. அடுத்து, இந்த விதிக்கு முன்பே எடுத்த பழைய கோ-இன்சூரன்ஸ் பத்திரங்களில் இதே விலக்குகள் இருக்கும் என்று நம்பிவிடாமல் எழுத்தில் பாருங்கள்.

வேலையிடத்தில் நடந்த காயமா, வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்தா? அது முதலில் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் விஷயம். குலை வெட்டும்போது செம்பனை முள் கண்ணில் பட்டது, மோட்டார் சைக்கிளில் காலை வேலைக்குப் போகும்போது விழுந்தது என்றால், முதலாளியிடம் உடனே தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சொக்சோ ஏற்க வேண்டிய செலவை உங்கள் கார்டில் போட்டு, அதற்குப் பங்கும் கட்டி, ஆண்டு வரம்பையும் கரைப்பது தேவையற்ற இழப்பு.

கார்டு ஏற்காதவை

பிரசவம், பிறவிக் குறை, அழகுக்கான சிகிச்சை, கண்ணாடி, விபத்தில்லாத பல் சிகிச்சை ஆகியவை பெரும்பாலான பத்திரங்களில் விலக்கப்பட்டவை. இவற்றைவிட அடிக்கடி ஏமாற்றம் தருவது காத்திருப்புக் காலம். புதுப் பத்திரத்தில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இதய நோய், கட்டிகள், பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம் போன்றவற்றுக்கு முதல் 120 நாள் வராது. பத்திரம் எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் அதற்குப் பிறகும் சிக்கல்தான். விண்ணப்பத்தில் "இனிப்புநீர் இருக்கிறதா" என்ற கேள்விக்கு ஏஜெண்ட் "இல்லை என்று போடுங்கள்" என்றாலும் போடாதீர்கள். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மாதாமாதம் மருந்து வாங்கும் பதிவு இருக்கிறது, முதல் பெரிய பில் வரும்போது அதைத் தேடி எடுப்பார்கள்.

வெளிநோயாளியாக எடுக்கும் எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் இன்னொன்று. பல கார்டுகள் அட்மிட் ஆவதற்கு முந்தைய 60 நாளில் எடுத்த சோதனைகளுக்குப் பணம் கொடுக்கும், ஆனால் அந்த நோய்க்கு அட்மிட் ஆனால்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் முழுச் செலவும் உங்களுடையது. அதற்காக, சோதனைக்காக மட்டும் படுக்கச் சொல்லி மருத்துவமனை யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மருத்துவத் தேவை இல்லாத அட்மிஷன் என்று நிறுவனம் முழு பில்லையும் மறுக்கலாம்.

மருத்துவர் கட்டணத்துக்கு அரசாங்க வரம்பு உண்டு, 2006ஆம் ஆண்டு தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13ஆம் அட்டவணை அது. மருந்து, கையுறை, ஊசி, கருவி போன்ற மருத்துவமனைப் பொருள்களுக்கு அப்படி வரம்பு இல்லை. அதனால்தான் விவரப் பட்டியல் உள்ள பில்லைக் கேட்டு வாங்குவது முக்கியம். எடுத்துப் போகும் வைட்டமின், ஊன்றுகோல், சக்கர நாற்காலி போன்றவை அந்தப் பட்டியலில் ஏறியிருந்தால் அவை உங்கள் கைச்செலவு. வேண்டாம் என்றால் டிஸ்சார்ஜுக்கு முன் சொல்லி எடுத்துவிடச் செய்யலாம், ஊன்றுகோலை வெளியே மலிவாகவும் வாங்கலாம்.

அரசு மருத்துவமனையைக் கணக்கில் சேருங்கள்

கையில் கார்டு வந்ததும் அரசு மருத்துவமனையை மறந்துவிடுவது தோட்டப்புறக் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணர் கிளினிக் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. சுங்கை சிப்புட்டில் மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. காத்திருக்க வேண்டும், உண்மை. ஆனால் பக்கவாதம், பெரிய விபத்து, நீண்ட காலப் புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றுக்கு அங்கே உள்ள நிபுணர்களை நம்பிப் போகலாம்.

நிபுணரைப் பார்க்க கிளினிக் கெசிஹாத்தானின் பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள். தனியார் கிளினிக் கடிதத்தோடு போனால் முதல் முறை 30 வெள்ளி. அரசு மருத்துவமனையில் ஸ்டென்ட், எலும்புக்குப் போடும் இம்பிளாண்ட் போன்ற சில பொருள்களை நோயாளியே வாங்க வேண்டி வரலாம். முடியாதவர்கள் அதே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழி காட்டுவார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், மருத்துவர் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பல மெடிக்கல் கார்டுகளில், அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் பலனும் உண்டு. கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. டிஸ்சார்ஜ் கடிதத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி விண்ணப்பியுங்கள்.

டிடக்டிபிள் யாருக்குச் சரி

தொழிற்சாலையிலோ தோட்ட நிறுவனத்திலோ கம்பெனி கார்டு உள்ளவர்களுக்குப் பெரிய டிடக்டிபிள் உள்ள சொந்தக் கார்டு நன்றாகப் பொருந்தும். சொந்தக் கார்டின் டிடக்டிபிள் 10,000 வெள்ளி என்றால், கம்பெனி கார்டு முதல் 10,000 வெள்ளியைக் கட்டும், அதற்கு மேல் சொந்தக் கார்டு கட்டும், பிரீமியமும் குறைவு. ஆனால் கம்பெனி கார்டு வேலையோடு முடிந்துவிடும். 60 வயதில் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த 10,000 உங்கள் பொறுப்பு. ஓய்வு பெறும் வயதில் புதிய உடல்நலக் கேள்விகள் இல்லாமல் டிடக்டிபிளைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி சில திட்டங்களில் இருக்கிறது. வாங்கும்போதே அது இருக்கிறதா, எந்த வயதில், என்று கேளுங்கள்.

கம்பெனி கார்டு இல்லாதவர்கள் பிரீமிய வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யலாம். கோ-பேமெண்ட் உள்ள திட்டம் மாதம் 60 வெள்ளி மலிவு, அதன் உச்சவரம்பு 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மிச்சம் 720. 3,000ஐ 720ஆல் வகுத்தால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அட்மிட் ஆகாத ஆளுக்குக் கோ-பேமெண்ட் லாபம். வருடத்துக்கு இரண்டு முறை படுப்பவருக்கு நட்டம். மிச்சமான 60 வெள்ளியை உண்மையிலேயே தனியாக எடுத்து வைத்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். பேங்க் சிம்பானான் நேஷனலில் தனிக் கணக்கு திறந்து மாதாமாதம் போடலாம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) உள்ளவர்களுக்கு 2024 மே 11 முதல் வந்த ஃபிளெக்சிபிள் கணக்கில் இருந்து எப்போது வேண்டுமானாலும் குறைந்தது 50 வெள்ளி முதல் எடுக்கலாம். அவசரத்துக்கு அது ஒரு வழி, ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அட்மிட் ஆகும் நாளில்

அடையாள அட்டை, மெடிக்கல் கார்டு, பரிந்துரைக் கடிதம், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். மருத்துவமனை பேனலில், அதாவது காப்புறுதி நிறுவனம் நேரடியாகப் பணம் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பேனலில் இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும்.

மருத்துவர் படிவத்தை நிரப்பியதும் மருத்துவமனை அதைக் காப்புறுதித் தரப்புக்கு அனுப்பும். அவர்கள் அனுப்பும் கேரண்டி லெட்டர், சுருக்கமாக ஜிஎல், வந்தால்தான் பணமில்லாமல் சேர்ப்பார்கள். சில மணி நேரம் ஆகும். முதல் ஜிஎல் வந்துவிட்டால் எல்லாம் கட்டிவிடுவார்கள் என்று பொருள் இல்லை, டிஸ்சார்ஜின்போது இறுதி ஜிஎல் வரும், அதில்தான் உங்கள் பங்கு தெரியும். அதற்கும் சில மணி நேரம் எடுப்பதால், காலையில் மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்றாலும் சாயங்காலம்தான் கிளம்ப முடியும் என்று வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

ஜிஎல் மறுக்கப்பட்டால் உடனே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிரீமியம் பாக்கி, காத்திருப்புக் காலம், நோய் இன்னும் உறுதியாகவில்லை, பத்திரம் எடுத்து ஓரிரு ஆண்டே ஆனதால் பழைய நோயா என்று விசாரிக்க வேண்டும் என்பவைதான் வழக்கமான காரணங்கள். ஜிஎல் மறுப்பு என்பது இறுதி மறுப்பு ஆகாது. பணத்தைக் கட்டிவிட்டு விவர பில், ரசீது, டிஸ்சார்ஜ் கடிதம், மருத்துவர் நிரப்பிய கிளெய்ம் படிவம் ஆகியவற்றின் மூலப் பிரதிகளோடு விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்ப மருத்துவர் தனியாகக் கட்டணம் கேட்பதுண்டு, அது உங்கள் செலவு. கட்டும் அளவுக்குப் பணம் இல்லை, நோயாளி நிலையாக இருக்கிறார் என்றால், அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் மாற்றுவதைவிட முதல் மணி நேரத்தில் மாற்றுவது எத்தனையோ ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தும்.

கணக்கு சரியாக இல்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்குக் கொண்டு போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு 250,000 வெள்ளி வரையிலான தகராறுகளைப் பார்க்கிறது, பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வழி தெரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம்.

பிரீமியம் ஏறியதால் மாற்ற நினைத்தால்

2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த இடைக்கால ஏற்பாட்டின்படி, 2026 இறுதி வரை, மருத்துவச் செலவால் வரும் பிரீமிய உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, திட்டத்தின் மிகக் குறைந்த தரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் ஆண்டு உயர்வு நிறுத்தமும் அதில் இருந்தது. கடிதத்தில் வந்திருக்கும் தொகை இதன்படி பிரித்ததா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள்.

முதலீட்டோடு சேர்ந்த பத்திரம் என்றால் மாதம் கட்டும் தொகை மாறாமலே இருக்கும், ஆனால் காப்புறுதிச் செலவு உள்ளிருக்கும் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கும். சேமிப்பு தீர்ந்தால் பத்திரம் தானாக விழுந்துவிடும். எந்த வயது வரை தாங்கும் என்ற கணிப்பை ஆண்டுதோறும் நிறுவனம் அனுப்பும் அறிக்கையில் பாருங்கள்.

கட்ட முடியவில்லை என்று பழைய கார்டை நிறுத்திவிட்டு வேறு நிறுவனத்தின் மலிவான கார்டை எடுப்பது வயதானவர்களுக்கு ஆபத்து. அந்த 30 நாளும் 120 நாளும் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும், இடையில் வந்த இனிப்புநீரும் கொதிப்பும் இப்போது "முன்பே இருந்த நோய்" ஆகிவிடும். அதற்கு முன், இதே நிறுவனத்திடம் இதே பத்திரத்தைக் கோ-பேமெண்ட் உள்ளதாக மாற்ற முடியுமா, உடல்நலக் கேள்விகள் மறுபடி வருமா, காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்குமா என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேறு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்றால், புதுப் பத்திரம் கைக்கு வந்து 120 நாள் முடியும் வரை பழையதற்கும் சேர்த்துக் கட்டுங்கள்.